அப்பா, வருது

சங்கரன்கோவில்
9.2.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் ராஜதுரை எழுதுவது. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, அதற்கப்புறம் நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் பாதி நீ அழுதாய், மீதி நான் ஹலோ ஹலோ என்றேன். உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பெண்கள் அவசரப்படுத்துவது எனக்கே கேட்டது. இனி செய்தியெல்லாம் கடிதத்தில், போனில் குரல் மட்டும் என்று முடிவு செய்து தபாலாபீசுக்குப் போனேன். கவர் கேட்டதும் அங்கிருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். "பொண்டாட்டி போலீஸ் ட்ரெய்னிங்ல இருக்கா அண்ணாச்சி, போனை வாங்கி வச்சிட்டாங்க" என்றேன். சொல்லும்போதே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவர் எழுந்து வந்து கை கொடுத்தார்.

கோமு நன்றாக இருக்கிறாள். நீ கேட்கிற முதல் கேள்வி, "பால் குடிச்சாளா?" குடிக்கிறாள். விடியுமுன் நான் பிச்சிப்பூவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும்போது அவளைச் சங்கரேஸ்வரி அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன். அக்கா ஒரு டம்ளர் கொடுக்கிறாள். கதீஜம்மாள் அவர்கள் வீட்டு வாசலில் கூப்பிட்டு, "தாய முழிச்சு முழிச்சுத் தேடுதே பிள்ளை" என்று ஒரு டம்ளர். எதிர்வீட்டு ஞானசெல்வி பாலில் பிஸ்கட்டை ஊறவைத்து ஊட்டுகிறாள். நான் வந்து என் பங்குக்கு ஒரு பாட்டில். சோறுதான் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. வெளிக்கு இருந்து மூன்று நாளாகிறது. இரண்டு வயசுப் பிள்ளைதானே, சரியாகிவிடும். நீ கவலைப்படாமல் ஓடு.

உன்
ராஜதுரை

---

பயிற்சிப் பள்ளி விடுதி
17.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் பிச்சிப்பூ வாசம் வந்தது. பூ கட்டின கையோடு எழுதினீர்களா? என் அறைத்தோழி அஃப்ரோஸ் கவரை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "ஒங்க வீட்டுக்காரரு சென்ட் அடிச்சு அனுப்புதாரே" என்று கேலி செய்தாள்.

இங்கே விசில் அடித்தால் எழுந்திரிக்க வேண்டும், விசில் அடித்தால் சாப்பிட வேண்டும். நேற்றுக் கயிறு ஏறி உச்சியைத் தொட்டேன். எங்கள் ஸ்குவாடில் பிள்ளை பெற்றவள் நான் ஒருத்திதான். பயிற்சி கொடுக்கிற அம்மா கீழே நின்று, "ஏறிட்டாளே!" என்றார். இறங்கி வந்தபோது கை தோல் உரிந்திருந்தது. வலிக்கவே இல்லை அத்தான், அவ்வளவு பெருமையாக இருந்தது.

கோமுவுக்குச் சூடாக இருக்கும். மலை வாழைப்பழம் கொடுங்கள். பாலை மட்டும் குறைத்துவிடாதீர்கள். ட்ரெய்னிங்குக்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு வந்தவள் நான். அந்தக் குறை அவளுக்குத் தெரியக் கூடாது.

உங்கள்
மாரிசெல்வி

---

சங்கரன்கோவில்
2.3.2025

அன்புள்ள செல்விக்கு,

உன்னிடம் மறைக்க மாட்டேன். கோமுவுக்கு நன்றாக இல்லை.

கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள். காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க முக்குகிறாள். ஒன்றும் வருவதில்லை. போன வாரம் ஆட்டுப் புழுக்கை மாதிரி கல்லாக வந்தது, மேலே ஒரு இழை ரத்தம்.

அக்கா கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து குழைத்து வயிற்றில் தடவினாள். அதுவரை சரி. நான் பூ மார்க்கெட்டில் இருந்த நேரம் பார்த்து வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் முக்கி ஆசனவாயில் வைத்திருக்கிறாள். நம்மையெல்லாம் அப்படித்தானே வளர்த்தார்கள் என்கிறாள். கோமு கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டதாம். அன்றைக்கு வந்தது. மறுநாளும் அதையே செய்தாள். இப்போது வெற்றிலைத் தட்டைக் கண்டாலே பிள்ளை ஓடுகிறாள். என்னைக் கூடக் கால்சட்டையைக் கழற்ற விடமாட்டேன் என்கிறாள்.

அக்காவிடம் சத்தம் போட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள்: "ஏலே, பெத்தவ கிட்ட இருந்தா இந்தப் பாடு வருமா? என்னைய ஏசுத?" ஞானசெல்வியும் அங்கன நின்று தலையை ஆட்டினாள். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஊரார் வாயாக உன் காதுக்கு வருவதற்கு என் வாயாக வரட்டும்.

ராஜதுரை

---

பயிற்சிப் பள்ளி விடுதி
9.3.2025

அத்தான்,

மதினி சொன்னதில் என்ன தப்பு? பெற்றவள் நான் இங்கே காக்கிப் பேண்ட் மாட்டிக்கொண்டு இடது வலது போடுகிறேன். என் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று முக்குகிறாள்.

முடிவு பண்ணிவிட்டேன். வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன். நாலு முறை பரீட்சை எழுதி வாங்கிய வேலைதான். என் அப்பா மேலநீலிதநல்லூரில் டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கோமுவிடம் போனைக் கொடுக்காதீர்கள். என்னால் தாங்க முடியாது.

செல்வி

---

சங்கரன்கோவில்
17.3.2025

என் அருமைச் செல்விக்கு,

நேற்றுப் போனில், "எழுதிக் குடுக்கப் போறேன்" என்று நீ சொன்னதும், "கோமுவ டாக்டர்ட்ட காட்டியாச்சு, ஒரு மாசம் பொறு, இது என் மேல ஆணை" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அதற்குள் லைன் போய்விட்டது. மீதி இதோ.

சனிக்கிழமை கோமுவைக் குழந்தை டாக்டர் ஹஸ்னா பானுவிடம் காட்டினேன். அவர் மருந்து எழுதுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளை எவ்வளவு பால் குடிக்கிறாள்?" நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தேன். அக்கா வீட்டில் ஒரு டம்ளர், கதீஜம்மாள் வீட்டில் ஒரு டம்ளர், ஞானசெல்வி, நான், ராத்திரி தூங்க ஒரு பாட்டில். சொல்லச் சொல்ல என் குரலே இறங்கிவிட்டது. "வயிறு முழுக்கப் பாலாக இருந்தால் சோறும் காயும் எங்கே போகும்? தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டார். தாயைப் பிரிந்த பிள்ளை என்று தெருவே பாவப்பட்டது செல்வி. அந்தப் பாவம் எல்லாம் பாலாகப் போய்ப் பிள்ளையின் வயிற்றைக் கட்டியிருக்கிறது. நீ வேலைக்குப் போனதால் வந்ததில்லை இது. நீ வீட்டில் இருந்து நாங்கள் இப்படிப் பால் கொடுத்திருந்தாலும் வந்திருக்கும். டாக்டரிடமே இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொன்னார். கதவுக்குப் பின்னால் அவள் முக்கவில்லையாம், அடக்குகிறாளாம். கல்லாக வந்தபோது வலித்தது, காம்பு வைத்தபோது பயந்துவிட்டாள். இனி வரவே கூடாது என்று பிடித்து வைத்திருக்கிறாள். அடக்க அடக்க இன்னும் இறுகும். காம்பு, சோப்பு எதையும் இனி வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இளக்குவதற்கு ஒரு இனிப்பு மருந்து எழுதியிருக்கிறார், ஒரு நாள் போனதும் நிறுத்திவிடாமல் அவர் சொல்லும்வரை கொடுக்க வேண்டும். பால் இரண்டு சின்ன டம்ளருக்கு மேல் கிடையாது. கீரை, கொய்யா, பப்பாளி, நிறையத் தண்ணீர். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும், கால் தொங்கக் கூடாது, வந்தாலும் வராவிட்டாலும் திட்டக் கூடாது.

கடைசியாக, "என்றாவது ஒரு நாள் அவளாகவே 'வருது'ன்னு சொல்லுவாள். அப்போது கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அடக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்றார்.

இது என் வேலை. கயிறு ஏறுவது உன் வேலை. பாதிக் கயிற்றில் கையை விட்டுவிட்டு வந்தால் நான் உன்னை வீட்டுக்குள் விடமாட்டேன், ஆமாம்.

உன்
ராஜதுரை

---

பயிற்சிப் பள்ளி விடுதி
28.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டுக்குள் விடமாட்டீர்களாம். யார் வீடு அது? வந்து லத்தியோடு பேசிக்கொள்கிறேன்.

எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அஃப்ரோஸ் சாட்சி. பாலைக் குறைக்காதீர்கள் என்று வாரா வாரம் நச்சரித்தது நான்தான் என்று நினைத்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. மதினியை ஏசாதீர்கள். பயம் எனக்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் அவருக்கும் இருந்திருக்கும். பார்க்க ஆளில்லாத பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

கோமு உட்கார மறுத்தால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அம்மாவும் அங்கன விசில் அடிச்சாத்தான் உக்காருவா, விசில் அடிச்சாத்தான் எந்திரிப்பா. இங்கே பயிற்சி கொடுப்பவர்கள் போல ஒரு விசில் வாங்கிக் கொடுங்கள்.

செல்வி

---

சங்கரன்கோவில்
1.6.2025

கான்ஸ்டபிள் மாரிசெல்வி அவர்களுக்கு,

கோமு போலீஸின் ரிப்போர்ட்.

பூப்பெட்டிப் பலகையை அறுத்துக் கால் வைக்க ஒரு முக்காலி செய்தேன். உன் விசில் யோசனை அபாரம். ஆனால் விசில் என் கையில் இல்லை, அவள் கையில். சோறு தின்றதும் அவளே ஊதுகிறாள், "ஒக்காரு!" என்று அவளே அதிகாரம் செய்துகொண்டு உட்காருகிறாள். எதிரில் நானும் குத்தவைத்து உட்கார வேண்டும். முதல் சில வாரம் ஒன்றுமில்லை. நான் கதை சொன்னேன், அவள் விசில் ஊதினாள், எழுந்து போனோம். ஒருநாள் மெத்தென்று வந்தது. வலிக்கவில்லை என்றதும் அவளுக்கே ஆச்சரியம். குனிந்து பார்த்துவிட்டு, "நான்! நான்!" என்று கத்தினாள். பிறகு எழுந்து நின்று, கால்சட்டை இல்லாமல், எனக்கு ஒரு சல்யூட் அடித்தாள். நீ போட்டோவில் அடிக்கிற அதே சல்யூட். செல்வி, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்குப் போய் அழுவார்களா என்று கேட்காதே.

அக்கா இப்போது தெருவுக்கே காவல். யாராவது பால் டம்ளரோடு வந்தால், "ஏட்டி, டாக்டரம்மா சொன்னது ஒனக்குத் தெரியாதா? கொய்யாப்பழம் இருந்தா கொண்டா" என்று விரட்டுகிறாள். ஞானசெல்விக்கு இரண்டு நாள் கோபம். கதீஜம்மாள் பப்பாளியை நறுக்கி அனுப்புகிறார்கள். பூ மார்க்கெட்டில் ஒருவருடைய மகனுக்கும் இதே கஷ்டமாம். "காம்பு வைக்காதீரும் வே, மொதல்ல டாக்டர்ட்ட காட்டும்" என்று நான் சொல்லப்போக, கமிஷன் கடையில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். நான் பெரிய ஆளாகிவிட்டேன்.

ஒரே ஒரு குறை. வெளியிடத்தில் போகமாட்டாள். உன் அப்பா வீட்டுக்குப் போனால்கூட அடக்கிக்கொண்டு, கால் பின்னி நிற்கிறாள். வெளிக்கு இருப்பது நம் வீட்டில், அந்த முக்காலியில் கால் வைத்து மட்டும்தான். இன்னும் அந்தப் பயம் முழுக்கப் போகவில்லை. உன் பாசிங் அவுட் பரேடுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அக்காவும் பட்டுச்சேலையை எடுத்து வைத்துவிட்டாள். நீ நடந்து வருவதை நான் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நாளும்.

உன்
ராஜதுரை

---

காவலர் குடியிருப்பு
13.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

போன் கைக்கு வந்துவிட்டது. நேற்றுகூடப் பேசினோம். ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் இதை எடுத்து எடுத்துப் படிக்க வேண்டும்.

பரேடு முடிந்ததும் நீங்கள் கோமுவைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றீர்கள். "பாக்கல செல்வி. சரியா ஒன் ஸ்குவாடு வரும்போது இவ 'அப்பா, வருது'ன்னா. தூக்கிக்கிட்டு ஓடிட்டேன். ஒன்னைய பாக்க முடியல" என்றீர்கள். அதற்குள் பஸ் ஏறச் சொல்லி விசில். நான் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பீர்கள்.

நான் பார்த்தேன் அத்தான். பந்தலில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று மைதானத்துக்குள் வரும்போதே கண் தேடி வைத்திருந்தது. எங்கள் வரிசை மேடைப் பக்கம் திரும்பியது. சல்யூட் அடித்த கையோடு ஓரக்கண்ணால் பார்க்கிறேன், மதினி தனியாக நின்று கை தட்டுகிறார். பக்கத்தில் உங்கள் நாற்காலி காலி, கோமுவையும் காணோம். எங்கே போனீர்கள் என்று ஒரு நொடி தேடினேன். அடுத்த நொடியே புரிந்துவிட்டது.

அவளாகக் கேட்டிருக்கிறாள். நம் வீடு இல்லை, முக்காலி இல்லை, பேண்டு வாத்தியச் சத்தம், அத்தனை ஜனம். அவ்வளவுக்கும் நடுவில் பயப்படாமல் கேட்டிருக்கிறாள். "கொஞ்சம் பொறு மக்கா, அம்மா வாரா, பாத்துட்டுப் போவோம்" என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். எந்த அப்பாவும் சொல்லியிருப்பான். நீங்கள் சொல்லவில்லை. இத்தனை மாதம் காத்திருந்த காட்சியை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்.

அதற்கப்புறம் நான் எப்படி நடந்தேன் என்று அஃப்ரோஸைக் கேளுங்கள். பயிற்சி கொடுத்த அம்மா வந்து, "கடைசியில ஒன் நடையில ஒரு மிடுக்கு வந்துச்சே, என்னது அது?" என்று கேட்டார். "என் மகளுக்கு வெளிக்கு வந்திருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முழித்ததைப் பார்க்க வேண்டுமே! பிறகு கதை முழுவதும் சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவருக்கும் பிள்ளைகள் உண்டாம்.

பெற்றவள் கிட்ட இல்லை என்று இனி யார் சொன்னாலும் எனக்கு வலிக்காது. பெற்றவன் கிட்ட இருந்தான்.

ஆடித்தபசுத் திருவிழா பந்தோபஸ்துக்கு நம் ஊருக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்கிறார்கள். வந்தால் காக்கியோடு நம் தெரு வழியாக நடந்து வருகிறேன், அப்போது ஆசை தீரப் பாருங்கள். நடுவில் கோமு கூப்பிட்டால் அன்றும் எழுந்து போய்விடுங்கள்.

உங்கள்
மாரிசெல்வி