ஓடிக்கொண்டிருந்த கணினியும் பதினொரு பெயர்களும்

08.06.2004, செவ்வாய். கிளிநொச்சி

சங்கக் கணினியின் டிஸ்க் இன்றும் டிக் டிக் என்றது. பத்து நாள் தாங்காது என்று இராசமலர் அக்காவிடம் சொன்னேன். அவர் எங்கள் சங்கத்தின் செயலாளர். ‘பட்டியல் போயிடுமோ பிள்ளை?’ என்று அதை மட்டும்தான் கேட்டார்.

மீளக் குடியேறியவர்களில் வீடு கேட்பவர்களின் பட்டியல். இதுவரை 401 குடும்பம். மாத முடிவில் அச்சடித்து வவுனியாவுக்கு அனுப்ப வேண்டும். அதில் பெயர் இல்லாதவருக்கு வீடு இல்லை.

போக விடமாட்டேன் என்றேன். விடவும் மாட்டேன்.

09.06.2004, புதன்

பக்கத்துக் கடை நஜீம் நானா வவுனியாவிலிருந்து இன்று புது டிஸ்க் கொண்டுவந்து தந்தார். கடையும் ஜெனரேற்றரும் இங்கே, வீடு அங்கே. கிழமைக்கொரு தரம் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடப்பவர். எங்களுக்கும் கரண்ட் அவருடைய ஜெனரேற்றரில் இருந்துதான்.

‘உங்கட கொம்பியூட்டர் சீடி வாசிக்காதே தங்கச்சி, எப்பிடிப் போடுவீங்கள்?’

ஓடுகிற லினக்ஸில் இருந்தபடியே பக்கத்து டிஸ்க்கில் இன்னொன்றை நிறுவுவேன் என்றேன். எல்லாக் கோப்பையும் கொப்பி பண்ணி, கடைசியில் கணினியை எழுப்பும் சின்னச் செய்நிரலை எழுதிவிட்டால் புது டிஸ்க் தன்பாட்டில் எழும்பும்.

‘ஓடுற பஸ்ஸில இருந்து மற்ற பஸ்ஸுக்குத் தாவுற வேலை’ என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

அக்கா மட்டும் விடவில்லை. பட்டியலை முதலில் தனியாக ஒரு புளொப்பியில் எடுத்து வைக்கட்டாம். முழுவதும் போகும்போது அதுவும் போகும்தானே, ஏன் தனியாக?

10.06.2004, வியாழன்

மூன்று மணிக்குக் கொப்பி பண்ணத் தொடங்கினேன். பட்டியல் இருக்கும் கோப்புறை இருபது நிமிடத்தில் போய்விட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்றரைக்குப் பூநகரி பஸ்ஸில் பதினொரு பெண்கள் வந்தார்கள், பெயர் பதிய. ‘வேலை நடக்குதெண்டால் அவையள் நாளைக்கு வரட்டோ?’ என்றார் அக்கா. அந்த பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! கணினி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று, ஒரு பக்கம் கொப்பி போக மறுபக்கம் பதினொரு பேரையும் பதிந்தேன். காகிதத்தில் எழுதிப் பிறகு தட்டுவது இரட்டை வேலை என்று அந்த வழக்கத்தைப் போன மாதமே நிறுத்தியவள் நான். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

சுவர் மணிக்கூட்டில் சரியாக ஐந்தரை. ஜெனரேற்றர் நின்றது. எல்லாம் நின்றது.

ஓடினேன். ‘ஆறு மணிக்குத்தானே நானா நிப்பாட்டுறது?’

அவர் கையை நீட்டித் தன் மணிக்கூட்டைக் காட்டினார். ஆறு. வவுனியா நேரம். 96இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளியது, இங்கே நாங்கள் தள்ளவில்லை; அரை மணி வித்தியாசம். வழமையாக அவருடைய வேலையாள் எங்கள் நேரத்தில் நிறுத்துவார். இன்று அந்த ஆளுக்குக் காய்ச்சலாம்.

‘அல்லாவே, நான் யோசிக்கேல்லத் தங்கச்சி.’ திரும்பப் போட்டுத் தந்தார். பழைய டிஸ்க் டிக் டிக் என்று ஒன்பது தரம் அடித்தது. பிறகு அதுவும் இல்லை. புதுசு பாதியில் நிற்கிறது, எழும்பாது.

நான் பயப்படவில்லை. இல்லை – பொய் ஏன், பயந்துதான் போனேன். அக்கா சொன்னவா. அண்டைக்கே சொன்னவா. ஒரு புளொப்பி! ஏன் எனக்கு இவ்வளவு வாய்?

11.06.2004, வெள்ளி

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை எழும்பியும் விடும்.

13.06.2004, ஞாயிறு. முல்லைத்தீவு

என்னோடு படித்த கோகுலனிடம் லினக்ஸ் ஓடுகிற கணினி ஒன்று இருக்கிறது. புது டிஸ்க்கைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அதில் பூட்டியதும் கோப்புறை தெரிந்தது. பட்டியலைத் திறந்தேன். இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

‘எண்ணிப் பாத்தனியோ, ஞானம்?’ என்றான் கோகுலன்.

401.

விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. அந்தக் கோப்புறை புது டிஸ்க்குக்குப் போய் முடிந்த பிறகுதான் பூநகரிக்காரரைப் பதிந்தேன். அவர்கள் பழைய டிஸ்க்கில் மட்டும் இருந்தார்கள். கணினி ஒரு பிழையும் விடவில்லை.

மிச்சக் கோப்புகளை அவனுடைய கணினியிலிருந்து கொப்பி பண்ணி, எழுப்பும் செய்நிரலையும் எழுதினேன். இந்த முறை ஒருவரோடும் கதைக்கவில்லை.

14.06.2004, திங்கள்

புது டிஸ்க் முதல் தரத்திலேயே எழும்பியது. நஜீம் நானா கை தட்டினார். அக்கா கேட்டார்: ‘எல்லாப் பேரும் இருக்கோ?’

இருக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பதினொரு பேர் இல்லை என்றேன். அக்கா ஏசவுமில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துத் தந்தார்.

17.06.2004, வியாழன். பூநகரி

அந்தப் பதினொரு பேரையும் விசாரித்துத் தேடி, பத்து வீடு முடித்தேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி தந்தார்கள். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

கடைசி வீடு சிவனேஸ்வரி அக்காவுடையது. கிடுகுக் கொட்டில்.

‘அண்டைக்குச் சொன்னதெல்லாம் அழிஞ்சு போச்சோ?’

‘ஓமக்கா. என்ர பிழை.’

அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. குடும்பத் தலைவர் என்று கணவர் பெயரைத்தான் தந்தவர். 96இல் இடம்பெயரும்போது மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வரப் போன கணவர் திரும்பி வரவில்லை. நேரத்தை மிச்சம் பிடிக்க அந்தப் பெயரைக் கொப்பியில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

சிவனேஸ்வரி அக்கா கொப்பியை வாங்கி அந்தப் பெயரைக் கனநேரம் பார்த்தார்.

‘எட்டு வருசமா எல்லாத்தையும் அவரிட பேரிலதான் குடுத்தனான். இதை வெட்டுங்கோ, பிள்ளை. என்ர பேரைப் போடுங்கோ.’

வெட்டினேன். கீழே சிவனேஸ்வரி என்று எழுதினேன். சரியாக எழுதினேனா என்று அவர் வாசித்துப் பார்த்தார்.