ஊருணிக்குக் கிழக்கே ஆட்டம்

ஊத்துக்கரைப்பட்டி,
ஏழாயிரம்பண்ணை வழி,
18.10.2023

அன்பு மகன் முனியராஜுக்கு அம்மா சண்முகத்தாய் எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சி செல்வலட்சுமியும் நல்ல சுகம். பனிமலையில் காவல் நிற்கிற நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அங்கே போன் எடுக்காததால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ சேர்த்த கிரிக்கெட் டீமை நானே ஊருணிப் பக்கமிருந்து விரட்டிவிட்டேனாமே என்று போன கடிதத்தில் கோபமாகக் கேட்டிருந்தாய். உன் கூட்டாளி சுந்தரபாண்டி சொன்னது பாதிதான், மீதியை நான் சொல்கிறேன். மே மாதம் ஒரு பெருமழை பெய்து ஊருணி நிறைந்தது, நான்காம் நாள் ஊரில் பாதிப்பேருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். நம் செல்வலட்சுமி சாத்தூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றிக் கிடந்தாள், நீ தவிப்பாய் என்றுதான் அப்போது எழுதவில்லை. ஊருணித் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்று சோதித்துச் சொன்னார்கள். மழைத் தண்ணீர் வருகிற வழியைப் பார்க்க மேற்கே நடந்தேன். நீங்கள் விளையாடுகிற பொட்டல் முழுக்க பிளாஸ்டிக் கப்பு, கோழி எலும்பு, பாட்டில், பைக் கழுவிய எண்ணெய். எல்லாம் சரிவில் இறங்கி ஊருணிக்குள்தான் வந்திருக்கிறது. உங்களை மட்டும் சொல்லக்கூடாது, பட்டாசுக் கம்பெனி வேனை விட்டு இறங்கியதும் கையில் ஒட்டிய வெடிமருந்தை நாங்கள் ஊருணிப் படியில்தான் கழுவுவோம், பதினோரு வருடமாக நானும்.

சுதந்திர தினத்துக் கிராம சபையில், ஊருணியையும் பொட்டலையும் சுற்றி வேலி போட்டுப் பூட்டிவிடலாம் என்று பேச்சு வந்தது, பலபேர் கை தட்டினார்கள். சுந்தரபாண்டி எழுந்து, "ஆறு நாளும் மருந்துக்குள்ள கிடக்கோம். ஞாயித்துக்கிழம ஒருநா ஓடியாட அந்த இடத்த விட்டா வேற எங்கன போவோம்?" என்று கேட்டான். மகளை ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்த்தவள் நான், ஆனாலும் அவன் கேட்டதில் தப்பு தெரியவில்லை. நாங்களும் அந்தக் கரையில் நடந்துதானே மூச்சு வாங்குகிறோம். நானும் எழுந்து, "பூட்டு போட்டா உடைச்சுட்டுத்தான் போவாக. மேக்க பெய்ற மழைதான் ஊருணிக்கு வருது, கரைக்குக் கிழக்க பெய்றது வராது. ஆட்டத்தக் கிழக்க கொண்டு போங்க. கரையில யாரும் நடக்கட்டும், தண்ணியில மட்டும் கை கால் வைக்கக்கூடாது. நானும் இனிமே மருந்துக் கைய அங்கன கழுவ மாட்டேன்" என்றேன். "கிழக்க பூராம் கருவேல முள்ளு சித்தி, யாரு வெட்டுவா?" என்றான் அவன். "நான் அருவாளோட வாரேன், நீ வாரியாலே?" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முள் வெட்ட ஒன்பது பேர்தான் வந்தோம். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர். உன் அப்பா வேன் நிற்கிற இடத்தில் உப்புத் தண்ணீர்க் குழாய் இழுத்து இரண்டு திருகுக் குழாய் வைத்தார், இப்போது அங்கேதான் கை கழுவுகிறோம். மேற்கே பைக் கழுவ இன்னமும் ஒன்றிரண்டு பேர் வரத்தான் செய்கிறார்கள், சுந்தரபாண்டியே போய்ச் சத்தம் போட்டுத் திருப்பி அனுப்புகிறான். போன வாரம் நல்ல மழை. மறுபடி தண்ணீரைச் சோதித்து, காய்ச்சிக் குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், யாருக்கும் வயிற்றுவலிகூட இல்லை.

புது மைதானம் கொஞ்சம் குட்டைதான். பந்து கரையைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தால் ஆள் அவுட் என்று டீமே சட்டம் போட்டுவிட்டது. கேப்டன் என்று உனக்குச் சலுகை கிடையாதாம், லீவுக்கு வருவதற்குள் தரையோடு அடித்துப் பழகிக்கொள்.

கம்பளிச் சாக்ஸை ஈரத்தோடு போடாதே. எல்லாச் சாமியும் உனக்குத் துணை இருக்கட்டும், நூறு வயது நல்லபடி இரு. கோபம் தீர்ந்தது என்று ஒரு வரியாவது எழுது.

உன் அம்மா,
ச. சண்முகத்தாய்