இடது விலாவில் ஒரு சன்னல்

பிப்ரவரி 9, வியாழன்

மழை. நாளை லேவார்டன் மாட்டுச் சந்தை. நாளையோடு பதினான்கு வெள்ளிக்கிழமை நான் போகவில்லை என்றாகிறது. முப்பத்தொரு வருட வியாபாரத்தில் அதற்குமுன் தவறவிட்டது இரண்டே இரண்டு. அம்மாவை அடக்கம் செய்த நாள் ஒன்று, மகள் பிறந்த நாள் ஒன்று. என் மனைவி ரின்ஸ்கேயைக் கேட்டால், “பொறந்த அன்னைக்கும் மத்தியானமே சந்தைக்கு ஓடிட்ட” என்பாள்.

கேட்கிறவர்களிடம் இடுப்பு வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். நவம்பரில் குடல் வெடித்தது. வயிற்றின் இடது பக்கம் துளை போட்டு, குடல் நுனியை வெளியே இழுத்துத் தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். இதைப் போய் மாட்டு வியாபாரிகளிடம் எப்படிச் சொல்வது? நாங்கள் வயிறோடு வயிறு முட்டி நின்று, ஒவ்வொரு விலைக்கும் எதிராளி உள்ளங்கையில் ஓங்கி அறைந்து பேரம் பேசுகிறவர்கள். யாராவது ஒரு இடி இடித்தால்? நடுச் சந்தையில் நாறினால்?

வசந்தத்தில் குடலைத் திரும்ப உள்ளே இணைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அதுவரை இடுப்பு வலிதான்.

பிப்ரவரி 13, திங்கள்

அலீன் கூப்பிட்டாள், பல்கலைக்கழகப் பண்ணையின் பொறுப்பாளர். அங்கே சன்னல் வைத்த பசு ஒன்று உண்டு, கிரீட்யே. ஆறு வருடம் முன் நான் விற்றது. இடது விலாவில் துளை போட்டு ரப்பர் மூடி பொருத்தியிருக்கிறார்கள். மாணவர்கள் மூடியைத் திறந்து, தோள்வரை கையுறை மாட்டி, வயிற்றுக்குள் தீவனம் எப்படிப் புளிக்கிறது என்று துழாவிப் படிப்பார்கள். வேடிக்கை பார்க்க வரும் ஊர்க்காரர்களும் துழாவுவார்கள்.

“அதுக்கு வயசாயிடுச்சு ஹில்கே. கூட்டத்தைப் பாத்து மிரளாத மாடா ஒண்ணு குடுங்க. இந்த மாசமே வந்துட்டா மார்ச் கடைசியில ஆபரேஷன், ஏப்ரல் பதினஞ்சுக்கு ஜனங்க முன்னாடி நின்னுடும்.”

ஏப்ரல் பதினைந்து, குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் கிடந்த மாடுகளைப் புல்லுக்கு அவிழ்த்துவிடும் நாள். கிழட்டு மாடுகூடக் குதிக்கும். பாதி ஊர் வேலியோரம் நிற்கும்.

இடது விலா. அதே பக்கம். போனை வைத்த பிறகு சிரிப்பதா எரிந்து விழுவதா என்று தெரியவில்லை. பூனையைத் திட்டினேன்.

பிப்ரவரி 17, வெள்ளி

போனிலேயே வாங்கிவிட்டேன். பக்கத்து மாகாணத்து ட்ரென்ட்டேக்காரன் ஒருவன் வீடியோ அனுப்பினான். “ஆட்டுக்குட்டி மாதிரி சாதுங்க” என்றான். நான் விற்கும்போது சொல்கிற அதே வார்த்தை! லாரி அங்கிருந்து நேரே பண்ணைக்குப் போய்விட்டது.

வாழ்நாளில் முதல் தடவை, பக்கத்தில் நின்று தோளை வைத்து அழுத்தி, மிரளுமா என்று பார்க்காத மாடு.

பிப்ரவரி 18, சனி

நல்ல மாடாகத்தான் இருக்கும். இருக்கும்.

மார்ச் 2, வியாழன்

சீட்ஸே போன். இருபத்தைந்து வருடமாகச் சந்தையில் எனக்கு எதிர்ச் சாரியில் நிற்கிறவன். என் வாடிக்கையாளர்கள் நான்கு பேர் இப்போது அவனிடம் வாங்குகிறார்களாம். அதை அவனே சொன்னான்.

“இடுப்பு வலின்னா பேசாம லாரியை எனக்குக் குடுத்துடுடா. மிச்ச ஆளுங்களையும் நானே பாத்துக்கிறேன். நீ உக்காந்து சுகர் ரொட்டி தின்னு.”

“யோசிச்சு ஏப்ரல் கடைசியில சொல்றேன்” என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. யோசிக்கிறேன் என்று நான் யாரிடமாவது சொன்னதுண்டா? அது விற்கத் தயார் என்பவன் பேச்சு.

மார்ச் 14, செவ்வாய்

இணைக்க முடியாதாம். உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடக்கிறதாம். ஆயுளுக்கும் பைதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து காரில் திரும்பினோம். ரவுண்டானாவை இரண்டு தடவை சுற்றினேன். ரின்ஸ்கே சொன்னாள்: “நவம்பர்ல செத்திருப்ப. சாகல. இப்ப வீட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்து என்னைச் சாகடிக்கிற. ஒண்ணு சந்தைக்குப் போ, இல்ல லாரியை வித்துட்டு நிம்மதியா உக்காரு. நடுவுல நிக்காத.”

நடுவில்தான் நிற்கிறேன்.

மார்ச் 23, வியாழன்

திங்கட்கிழமை அந்த மாட்டுக்கு ஆபரேஷன். காலையில் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பெரிய கோட்டை மாட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனேன்.

மாடு தனியாக நிற்கையில் சாதுதான். அதற்குள் ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் கத்திக்கொண்டே உள்ளே வந்தது. காது விறைத்தது, கண்ணில் வெள்ளை தெரிந்தது, விட்டது ஒரு உதை. தள்ளுவண்டி மூன்றடி பறந்தது. நல்லவேளை, அங்கே யாரும் நிற்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். பழகிவிடும் என்று சொல்லியிருக்கலாம், எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதற்குத் துளை போட்டபின் குழந்தைகள் அதன் விலாவில் கை விடுவார்கள். அலீனிடம் போய், மாட்டைப் பார்க்காமல் வாங்கினேன், திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

“பாக்காமயா? நீங்களா?”

காரணத்தையும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வெளியே முதல் ஆள்.

அவள் என் வயிற்றைப் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. பூட்ஸைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டே, “கிரீட்யே மூடியும்தான் வாரத்துக்கு ஒருக்கா கசியும். கழுவிட்டு வேலையப் பாப்போம்” என்றாள். பிறகு: “அப்ப பதினஞ்சாம் தேதி கிரீட்யேவேதான் நிக்கணும். நீங்க பண்ணின வேலைக்கு, தலைப்பக்கம் கயிறு பிடிக்க நீங்களே வந்து நில்லுங்க.”

ஏப்ரல் 14, வெள்ளி

மூன்று கோட்டு மாற்றிப் பார்த்தேன். எதிலும் தெரியவில்லை என்கிறாள் ரின்ஸ்கே. எல்லாவற்றிலும் தெரிகிறது.

ஏப்ரல் 15, சனி

எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

வெயில். வேலியைச் சுற்றி ஆயிரம் பேர் இருக்கும். பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். மாடுகள் மடி குலுங்கக் குதித்தன, ஒன்று வழுக்கி விழுந்து எழுந்து மறுபடி குதித்தது. ஊரே கைதட்டியது. நானும் கிரீட்யேயும் கொட்டகை ஓரம் நின்றிருந்தோம். அது அசை போட்டது. நான் கோட்டுப் பொத்தானை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. மாணவி ஒருத்தி மூடியைத் திறந்ததும் குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆனாலும் முண்டியடித்து வந்தார்கள். வரிசையில் சீட்ஸே! இரண்டு பேத்திகளோடு. “இடுப்பு சரியாப் போச்சா டேய்?” என்று அங்கிருந்தே கத்தினான். கையை மட்டும் ஆட்டினேன்.

அப்போது கண்ணாடி போட்ட ஒருவர், நாற்பது வயதிருக்கும், முன்னால் வந்தார். சத்தம் போடாமல்தான் கேட்டார். “இதை வேடிக்கைன்னு காட்டறீங்களே, வெக்கமா இல்ல? உங்க வயித்துல ஓட்டை போட்டு, போறவன் வரவன் எல்லாம் பாத்தா இப்படி நிப்பீங்களா?”

மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அலீன் அந்தக் கோடியில் இருந்தாள். பதில் சொல்ல நான்தான் இருந்தேன்.

“போட்டிருக்காங்க ஐயா” என்றேன். “நவம்பர்ல. இதே பக்கம்தான்.”

முன்வரிசை முழுக்க என் கோட்டைப் பார்த்தது. ஒரு பொடிசு விரல் நீட்டி, “அதுலயும் கை விடலாமா?” என்றது. அதன் அம்மா அதை இழுத்துக்கொண்டாள். எனக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவும் நாலைந்து பேர் சிரித்தார்கள். சீட்ஸே சிரிக்கவில்லை.

அந்த மனிதரும் சிரிக்கவில்லை. “வலிக்குதா?” என்றார்.

“வலி இல்ல. இந்த மாட்டுக்கும் இல்ல, காலைலேர்ந்து பக்கத்துல நிக்கிறேனே. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. என்கிட்ட கேட்டு, கையெழுத்து வாங்கிட்டுப் போட்டாங்க. இதுகிட்ட யாரும் கேக்கல. அந்த இடத்துல நீங்க சொல்றது சரி.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அவரை வாயடைத்து அனுப்பியிருக்கலாம், கூட்டம் என் பக்கம்தான் இருந்தது. அவர் தலையசைத்துவிட்டு, கிரீட்யேயின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனார்.

திரும்பிப் பார்த்தபோது வரிசையில் சீட்ஸே இல்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். தெரியட்டும். — தெரியட்டும் என்று எழுதுவது சுலபம்.

ஏப்ரல் 18, செவ்வாய்

அலீனுக்குப் போன் செய்தேன். பால் மாடு, கன்று, குழந்தைகள் தடவிப் பார்க்க மாடு, எது கேட்டாலும் தருகிறேன். சன்னல் வைக்க மட்டும் என்னிடம் கேட்காதே என்றேன். அவள் கோபப்படவில்லை. “அதுல படிச்சுத்தான் ஆயிரம் மாட்டுக்குச் சரியான தீவனம் போடறோம் ஹில்கே. நீங்க தராட்டி வேற ஒருத்தர் தருவார்.”

தருவான்தான். அவள் சொல்வதிலும் தப்பில்லை. எனக்குத்தான் முடியவில்லை.

ஏப்ரல் 21, வெள்ளி

சந்தை. ஐந்தரைக்கே போய்விட்டேன். நுழைந்ததும் பேச்சு அடங்கியது. காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள், உட்கார நாற்காலி வேறு. உட்காரவில்லை.

சீட்ஸேயிடம் நல்ல சினைப்பசு ஒன்று நின்றது. தோளை வைத்துப் பார்த்தேன். விலை கேட்டேன். அவன் சொன்ன முதல் விலையே, நான் கடைசியாக ஏறி வந்து முடிக்க நினைத்திருந்த விலைக்கும் கீழே.

“என்னடா இது?”

“எடுத்துக்கோ ஹில்கே. உனக்குத்தானே.”

ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. “நோயாளிக்குத் தானம் பண்றியா? போய் சர்ச்சுல பண்ணு! ஒழுங்கா வெல சொல்றியா, நான் அடுத்த சாரிக்குப் போகவா?”

முகம் சிவந்தான். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான். பிறகு எந்த மடையனும் கேட்க மாட்டாத ஒரு விலையைச் சொல்லி, கையை நீட்டி, “இந்த மாட்டை வாங்க உனக்கு வக்கு இருக்கா? முதல்ல லாரி வெச்சிருக்கியான்னு சொல்லு” என்றான்.

நாற்பது நிமிடம். “திருடன்” என்றேன், “கஞ்சன்” என்றான், சுற்றி ஆள் கூடிவிட்டது. நடுவில் நான் கழிவறைக்குப் போய்ப் பையை மாற்ற வேண்டியிருந்தது. அதையும் சொல்லிவிட்டேதான் போனேன். திரும்பி வரும்போது வேறு ஒருவன் அதே மாட்டுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தான். சீட்ஸே கயிற்றை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிக்கொண்டு, “பேரம் நடக்குது, ஆளு வரட்டும்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.