கடுகுத் தலையணை

ஆகஸ்ட் 4, செவ்வாய்
புழுக்கம். நாளை கணக்கு டெஸ்ட். படிக்கவில்லை. தம்பிக்கு இன்று முப்பத்தொன்பது நாள், எட்டு மாதத்திலேயே பிறந்தவன். தூக்கத்தில் மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுகிறான். நர்ஸ் அக்கா சொன்னவை: மல்லாக்கத்தான் படுக்க வை. தலையணை கூடாது. மூச்சு நின்றால் எண்ணு. பத்தைத் தாண்டினால் உள்ளங்காலைத் தேய், உடனே தூக்கிக்கொண்டு வா.

முன்பு பிறந்த பாப்பா தூக்கத்திலேயே போய்விட்டாள். இரண்டு மாதம். குப்புறப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கோலம் வரைந்துகொண்டிருந்தவள் நான். யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்
ரெட்டியார்பாளையம் அத்தை வந்தாச்சு. கையில் கடுகு நிரப்பிய தலையணை. தலை உருண்டையாக வருமாம்.
"மல்லாக்கவே போட்டா தல தட்டையாப் பூடும்டி. உங்கப்பன குப்புறப் போட்டுதான் வளத்தேன். இன்னா ஆயிட்டான்?"
அம்மா தலையணையை வாங்கி வைத்துக்கொண்டாள். அப்பாவின் அக்கா ஆயிற்றே. எனக்கும் பயம்.
தலையணையை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன். சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டாள்.
"எலி இழுத்துனு பூட்ச்சா?"
"ஆமா அத்த."
"ரெண்டு கால் எலி."
டெஸ்ட்: 11/25.

ஆகஸ்ட் 8, சனி
மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால் தம்பி குப்புற. முகம் தலையணைக்குள். அத்தை குளிக்கப் போயிருந்தாள், அம்மா கடைக்கு.
புரட்டினேன். உதடு நீலம். பத்து. பதினொன்று. உள்ளங்காலைத் தேய்த்தேன். இல்லை. முதுகைத் தேய்த்தேன். மறுபடி கால்.
கத்தினான்! தெருவே கேட்டிருக்கும்.
அத்தை ஈரத் தலையோடு ஓடிவந்தாள். "இன்னாடி பண்ண புள்ளைய?"
"மூச்சு நின்னு போச்சு அத்த! இனிமே குப்புறப் போட்டீங்கன்னா நான் விடமாட்டேன்!"
நானா கத்தினேன்? உதட்டைப் பார்த்த அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்து, "நீயா தேச்ச? சூப்பர்டி."
பாப்பாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். முதல் முறையாக. "உன் தப்பு இல்ல" என்றாள். அழுதேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்
மழை. தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். மருந்து வேளைக்கு மூன்று சொட்டு. பார்க்க வந்த எதிர்வீட்டு அக்கா, "தலைக்கு ஒண்ணும் வெக்கலியா?"
அத்தை முந்திக்கொண்டாள். "தட்டையா இருந்தா இருந்துனு போவுது. புள்ள மூச்சு வுடுது இல்ல?"
தலையணையைப் பிரித்துக் கடுகைக் கொல்லையில் இறைத்துவிட்டாள்.
இப்போது தம்பி பக்கத்தில் அத்தை. "நீ தூங்குடி. நான் எண்ணுறேன்."
தம்பி மல்லாந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தூங்குகிறான். கபடியில் ஜெயித்தவன் மாதிரி.