வால்டரின் கல்லில் அவன் அம்மா எழுதச் சொன்னது

நவம்பர் 4, செவ்வாய்

புகைமூட்டம். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. நடை இல்லை. தொண்டை எரிச்சல், உப்புத் தண்ணீர்.

செய்ய வேண்டியவை: காஸ் புக் செய்ய. ரஜாய், அந்தப் பஞ்சுப் போர்வையை, வெயிலில் போட (வெயில் வந்தால்). பென்ஷனுக்காக, உயிரோடு இருக்கிறேன் என்று பாங்கில் போய்க் காட்ட.

சாரு போன். கனடாவில் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, ஏழு வருஷமாக. அவள் கடைசியாக இங்கே வந்து ஆறு வருஷம். இன்று வழக்கமான 'மாத்திரை போட்டியா' இல்லை.

"அம்மா, டெல்லி கண்டோன்மென்ட்ல போர்க் கல்லறை இருக்காமே, பாத்திருக்கியா?"

முப்பத்தெட்டு வருஷம் டெல்லியில். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனதோடு சரி.

அவள் பார்த்துக்கொள்ளும் டோரா என்ற அம்மாள், தொண்ணூற்றிரண்டு வயது. அண்ணன் வால்டர் இரண்டாம் உலகப் போரில் விமானப் படை. பர்மாக் காட்டில் இருந்த சிப்பாய்களுக்கு மேலேயிருந்து அரிசி மூட்டை போடுகிற வேலை. காய்ச்சல் கண்டு டெல்லி ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அடக்கமும் இங்கேயே. வீட்டிலிருந்து ஒருவரும் வந்து பார்த்ததில்லை.

"டாக்டர் நாள் எண்ணச் சொல்லிட்டார்மா. அண்ணன் கல்லை ஒரு தடவை போன்லயாவது பாத்துடணுங்கறாங்க. போவியா?"

போகிறேன் என்றேன். இவள் என்னிடம் ஒன்று கேட்டு எத்தனை நாளாயிற்று.

நவம்பர் 5, புதன்

கரோல் பாகிலிருந்து ஆட்டோ. டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "ஆப்கா கௌன் ஹை வஹாங்?" அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று. தெரிந்தவர் என்றேன். பாட்டை நிறுத்திவிட்டார். மரியாதைக்காகத்தான் இருக்கும்.

உள்ளே புல்வெளி. வெள்ளைக் கற்கள், வரிசை வரிசையாக. எல்லாம் இருபது, இருபத்தொன்று, இருபத்துமூன்று வயது. கால் வலிக்க நடந்து பெயரைக் கண்டுபிடித்தேன். போட்டோ அனுப்பினேன்.

ராத்திரி பதில்: அவர் இல்லை. அதே பெயர், வேறு ஆள். இந்த மனிதருக்கு வயது முப்பத்தாறு. வால்டருக்கு இருபத்திரண்டு. கல்லில் விமானப் படைச் சின்னமாகச் சிறகு விரித்த பறவை இருக்க வேண்டுமாம்.

வெட்கமாக இருந்தது. இன்னொருவர் வீட்டுப் பிள்ளையின் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதனால் என்ன, அவருக்கும் யாராவது வர வேண்டாமா.

நவம்பர் 6, வியாழன்

பாங்க் ஆயிற்று. கட்டைவிரல் ரேகை விழவில்லை, மூன்று தடவை. "ஆன்ட்டிஜி, தேஞ்சு போச்சு" என்றாள் அந்தப் பெண், ஹிந்தியில்.

டோரா அம்மாளே பேசினார். குரல் மெலிசு, ஆங்கிலம் நிதானம். போர்க்காலத்தில் இவர் பள்ளிக்கூடப் பெண். கோதுமை வயலுக்கு நடுவில் வீடு. பக்கத்து மைதானத்தில் விமானம் ஓட்டப் பழகும் பையன்கள், நாள் முழுக்கத் தலைக்குமேல் மஞ்சள் விமானங்கள். அதைப் பார்த்துத்தான் வால்டருக்கு ஆசை வந்ததாம். வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் கூப்பன். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் போர்ச் சாமான் செய்யப் பழைய இரும்பும் எலும்பும் சேர்ப்பார்கள். அம்மா கம்பளிக் காலுறை பின்னி அனுப்புவாள்.

"டெல்லி வெயிலுக்குக் கம்பளிக் காலுறை" என்று சிரித்தார். அப்புறம் இருமல்.

தந்தி வந்த மூன்றாவது வாரம் வால்டரின் கடிதம் வந்ததாம். முன்னாலேயே எழுதியது, கப்பலில் தாமதம். அம்மா தேதியைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டாள். கடிதம் பின்னால் வந்திருக்கிறது, அப்படியானால் தந்திதான் தப்பு என்றாள். சாகும்வரை அப்படித்தான்.

கல்லில் என்ன எழுத வேண்டும் என்று அரசாங்கம் கேட்டபோது அம்மா யாரிடமும் சொல்லாமல் எழுதி அனுப்பினாளாம். அது என்னவென்று டோராவுக்கு இன்றுவரை தெரியாது.



நவம்பர் 8, சனி

காலை எட்டரைக்குள் கல்லறையில். அவர்களுக்கு நேற்றைய ராத்திரி ஒன்பது. தோட்டக்காரர் பதிவேட்டை எடுத்துக் கொடுத்து வரிசையும் காட்டினார். கடைசிக்கு முந்தின வரிசை. பறவை இருக்கிறது. பெயர். வயது 22.

வீடியோவில் சாருவின் முகம், அப்புறம் தலையணையில் டோரா. சட்டையில் துணியாலான சிவப்புப் பூ; போரில் இறந்தவர்களுக்காக அங்கே இந்த வாரம் எல்லாரும் குத்திக்கொள்கிறார்கள்.

போனைக் கல்லருகே கொண்டுபோனேன். அடி வரியைப் புல் மறைத்திருந்தது. விலக்கிப் படித்தேன். தமிழில் சொன்னால்: பின்கதவைத் தாழிடவில்லை, வா.

 டோரா மெதுவாக: "பனிக்காலத்தில்கூட அம்மா அந்தக் கதவைப் பூட்டமாட்டாள். மறதி என்று நினைத்து அவள் தூங்கியதும் நான்தான் எழுந்துபோய்த் தாழிடுவேன். ஒவ்வொரு ராத்திரியும்."

சாரு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.  அங்கே நிழல் இருக்கிறதா என்று டோரா கேட்டார். வேப்பமரம் இருக்கிறது, காலையில் நிழல் விழும் என்றேன். கொஞ்ச நேரம் அவனோடு உட்காருங்கள் என்றார். புல்லில் உட்கார்ந்தேன். அவர் தூங்கிவிட்டார்.

சாரு போனை வைத்துவிடுவாள் என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"அப்பாவையும் நான் இப்படித்தானேம்மா பாத்தேன். போன்ல."

அவர் இறந்தபோது கொரோனா, விமானமெல்லாம் நின்றுபோயிருந்தது. சுடுகாட்டில் நான்தான் போனைப் பிடித்திருந்தேன், அது சாய்ந்து சாய்ந்துபோயிற்று, அவளுக்குப் பாதி ஆகாசம்தான் தெரிந்திருக்கும். இத்தனை நாளில் இதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"நான் சரியா பிடிக்கலடி," என்றேன்.

"அதில்லம்மா. நான் வந்திருக்கணும். வரமுடியலன்னு நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன். அதான் வரவே பயமா இருந்தது."

"கோவமா? எனக்கா?"

அழுதாள். நானும். தோட்டக்காரர் குழாயை மூடிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"அப்பா அஸ்தியை ஹரித்வார்ல எந்தப் படித்துறைலம்மா கரைச்சீங்க? நான் அங்க நிக்கணும்."

"நீ வா. கூட்டிட்டுப் போறேன்."

நவம்பர் 9, ஞாயிறு

கொஞ்சம் வெயில். ரஜாய் போட்டாயிற்று.

டோரா அம்மாள் இருக்கிறார். இன்று கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

சாரு டிக்கெட் அனுப்பியிருக்கிறாள். ஜனவரி பதினாறு, விடியற்காலை.

படித்துறை எதுவென்று எனக்கே நினைவில்லை. அன்றைக்கு யாரோ கையைப் பிடித்து இறக்கினார்கள், யாரோ ஏற்றினார்கள். சிவப்புப் படி, ஒரு சங்கிலி, அவ்வளவுதான். அவள் வருவதற்குள் தனியாக ஒருமுறை போய்ப் பார்த்து வைக்க வேண்டும்.