8பி வகுப்பும் ஒரு கரண்டி உப்பும்

திங்கள், பெப்ரவரி 3

காலையில் தூறல். கிங்ஸ்பரியில் பஸ் பன்னிரண்டு நிமிடம் தாமதம். சப்பாத்துக்குள் தண்ணீர். புதிது வாங்க வேண்டும்.

மூன்றாம் பாடம், 8பி. கரைசல்கள். மறுபடியும் குழப்பம். இருபத்திரண்டு ஸ்லைட் செய்து கொண்டுபோனேன். ஏழாவதில் பின்வரிசை கதைக்கத் தொடங்கியது, பன்னிரண்டாவதில் முன்வரிசையும். பத்தொன்பது வருடம் ஆய்வுகூடத்தில் குடிநீர் சோதித்தவள் நான். ஈயம் எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு உப்பு கரைவதைச் சொல்ல முடியவில்லை.

ஆய்வுகூடத்தை மூடியபோதுதான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. துறை தெரிந்தவர்கள் ஒரு வருடம் சம்பளத்தோடு படிப்பித்துக்கொண்டே ஆசிரியர் சான்றிதழ் பெறலாம். இந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடமாக இரசாயனத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. செப்டெம்பரில் சேர்ந்தேன். இதில் என்ன இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

பாடம் முடிந்ததும் திவ்யா வந்தாள். இதே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, என் பயிற்சிக்குப் பொறுப்பு அவள்தான். கோயம்புத்தூர்க்காரி, வயது இருபத்தொன்பது. எனக்கு நாற்பத்தேழு. பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பவள் அவள், மார்க்கரோடு முழிப்பவள் நான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. முதல் நிமிஷத்துல இருந்து பதில் சொல்லிட்டே இருக்கீங்க. அவங்க இன்னும் கேள்வியே கேக்கலையே."

"என்ன கேப்பினமெண்டு எனக்குத் தெரியுந்தானே, திவ்யா."

"உங்களுக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். பஸ்ஸில் வீடு வரைக்கும் அதே யோசனை.

பால். பற்றரி. சப்பாத்து.

செவ்வாய், 4

குளிர். மழை இல்லை.

ஸ்லைட் ஒன்றும் இல்லாமல் போனேன். ஆளுக்கொரு சின்னத் தாள். ஒரே கேள்வி: உப்பையும் தண்ணீரையும் கலக்காமல் ஒன்றாக வைத்து நிறுக்கிறோம். பிறகு உப்பைத் தண்ணீரில் கரைத்து மறுபடி நிறுக்கிறோம். நிறை என்ன ஆகும்? ஏன்?

பதில்களில் சில:
– குறையும். உப்பு காணாமல் போய்விட்டது.
– குறையும். தண்ணீர் குடித்துவிட்டது.
– கூடும். தண்ணீர் தடித்துவிட்டது.
– தெரியாது, மிஸ், எனக்குப் பசிக்கிறது.

சரியாக எழுதியவர்கள் மிகக் குறைவு. நேற்று இருபத்திரண்டு ஸ்லைட் காட்டியவள் நான்தான்!

அமினா என்று ஒரு பிள்ளை, ஜன்னலோரம், வாய் திறக்காதவள். அவள் தாளில்: "உப்பு இருக்கிறது. ஆனால் மிதக்கிறது. நீச்சல் குளத்தில் எனக்கும் பாரமில்லை. ஆகவே குறையும்."

இதை நாலைந்து தரம் வாசித்தேன். பிழை. ஆனால் யோசித்துப் போட்ட பிழை. சரியான பதில் எழுதிய பிள்ளைகளில் ஒன்றுகூடக் காரணம் எழுதவில்லை. அவளுக்கு எப்படிக் காட்டுவது? ஆய்வுகூடத்தில்கூட இப்படி மூளை குறுகுறுத்ததில்லை.

புதன், 5

மின்னஞ்சல். நாளை 8பி வகுப்பைப் பார்க்கப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார். போன தடவை சரிவரவில்லை, இந்த முறையும் சரிவராவிட்டால் பயிற்சியைத் தொடர்வதா என்று "மீளாய்வு".

உப்பை நிறுக்கும் பாடத்தைத்தான் செய்யப்போகிறேன் என்றேன். திவ்யாவின் முகம் மாறியது.

"ரிஸ்க் அக்கா. தராசு, தண்ணி, முப்பது பிள்ளைங்க. பழைய பாடம் ஒண்ணு ரெடியா இருக்கு, அதையே எடுங்களேன்."

"அதை எடுத்தால் அமினாவுக்குப் பதில் கிடைக்காதே."

குறிப்பேட்டை மூடினாள். "சரி. தராசெல்லாம் நான் செக் பண்ணி வைக்கிறேன்."

பின்னேரம் வீட்டுக் குசினியில், சமையல் தராசோடு ஒத்திகை. இவர் வயரிங் வேலை முடிந்து வந்து தேத்தண்ணீரோடு நின்றார்.

"எட்டாம் வகுப்புக்கு உப்புக் கரையிறதைச் சொல்ல என்னப்பா கஷ்டம்?"

"சரி, நீங்கள் சொல்லுங்கோ. கரைஞ்சாப் பிறகு நிறை கூடுமோ, குறையுமோ, அப்பிடியே நிக்குமோ?"

"கொஞ்சம் குறையும்."

"ஏன்?"

"கரைஞ்சு போகுதெல்லே!"

கரைத்தோம். எண் அசையவில்லை. தராசு பழுது என்றார். பற்றரி மாற்றினார். மறுபடி நிறுத்தார். பிறகு சீனி போட்டுப் பார்த்தார். கலியாணம் முடித்து இருபத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இந்த மனிதரின் மண்டைக்குள் உப்பு இப்படிக் காணாமல் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது.

வியாழன், 6

வெயில்! காலையில் சாப்பிடவில்லை.

மதிப்பீட்டாளர் நரைத்த தலை, மெல்லிய குரல். பின்னால் திவ்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறு குழு, ஆறு தராசு. முதலில் கை உயர்த்தச் சொன்னேன். குறையும் என்றுதான் அதிகம் பேர். கரைத்தார்கள். ஐந்து குழுவுக்கு எண் மாறவில்லை. ஆறாவது அமினாவின் குழு. அவர்களுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் குறைவு.

"பார்த்தீங்களா மிஸ், குறைஞ்சிட்டுது" என்றாள். அவள் குரலை முதல்முறையாகக் கேட்டது வகுப்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மதிப்பீட்டாளரின் பேனையும் நின்றது.

எங்கோ பிழை விட்டிருக்கிறீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "அந்த ஒரு கிராம் எங்கே போயிருக்கும்?" என்று கேட்டேன். பேசாமல் நின்றேன்.

தரையைப் பார்த்தார்கள். கிளறிய குச்சியைப் பார்த்தார்கள். மேசையைத் துடைத்த துணியை முகர்ந்தும் பார்த்தார்கள். கடைசியில் பக்கத்துக் குழுப் பெண் கத்தினாள்: "தாள்! உப்பு வைத்த தாள்!" முதலில் தாளோடு நிறுத்திருக்கிறார்கள், இரண்டாம் தரம் தாள் மேசையிலேயே கிடந்தது. தராசில் வைத்தார்கள். எண் பழைய இடத்துக்கு வந்தது. வகுப்பு முழுக்கச் சத்தம். மணி அடித்தது. முடிவுரை எழுதவில்லை. வீட்டுவேலை கொடுக்கவில்லை.

போகும்போது அமினா மேசையருகில் நின்றாள். "தாள் சரி, மிஸ். ஆனால் மிதப்பதற்குப் பாரம் இல்லையே?" அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வெள்ளி, 7

அறிக்கை வந்தது. நேரக் கட்டுப்பாடு போதாது. பாடத்தின் நோக்கம் முடிவில் பலகையில் இல்லை. இரண்டும் உண்மை. கீழே: "பிள்ளைகள் தாங்களே பிழையைக் கண்டுபிடித்தார்கள். பயிற்சி தொடரலாம். மீளாய்வு தேவையில்லை."

கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

திவ்யா பிரின்ட் எடுத்து வந்து நீட்டினாள். "நானா இருந்தா அந்த இடத்துல பதில் சொல்லியிருப்பேன் அக்கா. பயத்துல."

"எனக்கும் பயந்தான்" என்றேன்.

சப்பாத்து வாங்கியாயிற்று. கடிக்கிறது.

திங்கள், 10

மறுபடி மழை. மதிய இடைவேளையில் அமினா, கூட நான்கு பேர். பையிலிருந்து ரப்பர் வாத்து ஒன்றை எடுத்தாள், தங்கை குளிக்கும்போது விளையாடுவதாம்.

"இது மிதக்கும். தராசில் இருக்கிற தண்ணீரில் விட்டால் எண் ஏறாது, மிஸ்."

தராசை எடுத்துக் கொடுத்தேன். அதன் மேல் கண்ணாடி முகவையில் தண்ணீர். எண்ணைக் குறித்தாள். வாத்தை மெதுவாக விட்டு விரலை எடுத்தாள். எண் ஏறியது. வெளியே எடுத்தாள், இறங்கியது. திரும்ப விட்டாள். நான்கு தரம்.

பிறகு தராசைப் பார்த்தபடியே சொன்னாள், எனக்கல்ல, தனக்கு: "தண்ணீர் வாத்தைச் சுமக்கிறது. தராசு இரண்டையும் சுமக்கிறது."