பூசணிக்காய் விசுக்கோத்தும் பன்றிவெடியும்

இன்றைக்கும் விசுக்கோத்தைக் கருக்கிவிட்டேன். போறணை அடுப்பின் தகரக் கதவைத் திறந்தபோது அந்த மணம் முகத்தில் அடித்தது. பூசணிக்காயும் நெத்தலியும் குரக்கன் மாவும் ஒன்றாகத் தீய்ந்த மணம். நீ இருந்திருந்தால் அகப்பைக் காம்பால் என் முதுகில் ஒன்று போட்டிருப்பாய். "எடி விசரி, நெருப்பை இழுத்து வெளியில விடு எண்டு எத்தினை தரம் சொல்லுறது!" உன் நாய் ஜிம்மி மேசைக்குக் கீழே படுத்துக் கிடந்து, கோணல் வாயால் எச்சில் வடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கருகினதும் நல்லதும் ஒன்றுதான்.

இந்தப் போறணை உன்னுடையது. தகரப் பீப்பாவைப் படுக்க வைத்து, களிமண் பூசி, நீயே கட்டியது. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவள் நீ. மீள்குடியேற்றத்தில் உருத்திரபுரத்துக்கு வந்து என் வேலிக்கு அடுத்த வளவில் குடியிருந்தாய். கிளிநொச்சிப் பேக்கரியில் பாண் போட்டாய். வந்த முதல் மாதமே உன் பின்னால் ஒரு நாய் வந்து சேர்ந்தது. மயிர் எல்லாம் கொட்டி, தோல் வெடித்து, சீ என்று இருந்தது. மிருக வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, பேக்கரி மிச்சமும் மீன்குழம்புச் சோறும் இனிக் கொடுக்கக்கூடாது என்றார். அன்றைக்குத் தொடங்கினாய் இந்தக் கூத்தை.

நெத்தலிக் கருவாட்டை மூன்று தரம் கழுவி ஊறவைத்து உப்பை எடுப்பாய். பூசணிக்காயை அவித்து மசிப்பாய். முட்டைக்கோதை வறுத்து இடித்துப் போடுவாய். வெங்காயம் அந்தப் பக்கமே வரக்கூடாது, சீனியும் கூடாது. குழைத்த மாவைத் தட்டி, சோடாப் போத்தல் மூடியால் வட்டம் வட்டமாக வெட்டுவாய்; ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக வரும். "மனிசருக்கே விசுக்கோத்து இல்லை, இவ நாய்க்குப் போறணை கட்டுறா" என்று ஊர் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆறு மாதத்தில் ஜிம்மி செம்மண் நிறத்தில் மினுங்கிக்கொண்டு வந்து நின்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. "குந்து" என்பாய். குந்தும். கையிலிருந்து மெல்ல வாங்கும், பல் படாது.

கருகினதையும் உடைந்ததையும் என் கோழிகளுக்குத் தருவாய். என் கோழிகளுக்கு மட்டும்தான். அதுதான் வினையாகப் போனது.

அந்தக் காலபோக நெல் விதைப்பு உனக்கு நினைவிருக்கும். தனியொருத்தியாக உழுவித்து, விதைத்து, பசளை எறிந்து, கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவம் வரை கொண்டுவந்த வயல். ஒரே கிழமையில் பன்றிகள் பாதியை உழக்கிப்போட்டன. சேற்றில் மிதிபட்டுக் கிடந்த பயிரைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கொலைவெறி வந்தது. ஒரு பன்றியையாவது துடிக்கத் துடிக்கச் சாகப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. மாங்குளத்துப் பக்கம் போய் ஒருவனிடம் பன்றிவெடி ஒன்று வாங்கிவந்தேன். கடித்தால் வெடிக்கிற சாமான். பன்றி மணத்துக்கு வரவேண்டுமே? நீ தந்த கருகிய விசுக்கோத்துகளை நொறுக்கி அதன்மேல் அப்பினேன். மிச்சத்தைச் சுற்றிவர வரம்பில் தூவினேன். உனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாய் என்று தெரியும்.

மறுநாள் விடிந்து நல்ல வெளிச்சம். நீ குசினி வாசலில் மா குழைத்துக்கொண்டிருந்தாய். நான் படலையடியில் நின்று உன்னோடு கதைத்துக்கொண்டிருந்தேன். டமார் என்றது. அடுத்த கணம் இருவரும் நிலத்தில் குப்புறக் கிடந்தோம். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் எங்கள் உடம்புக்கு அது தெரியவில்லை. நீ தலையைத் தூக்கினாய், முகமெல்லாம் மா. நான் சிரித்தேன். உன் முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து நீயும் சிரித்தாய். இல்லையடி. பன்றி செத்தது என்ற சந்தோசத்தில் சிரித்தேன்.

பிறகுதான் வேலியை விலத்திக்கொண்டு ஜிம்மி வந்தது. கீழ்த்தாடையில் ஒரு பக்கம் இல்லை. மறு பக்கம் தோலில் தொங்கியது. நாக்கு எங்கே, இரத்தம் எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அது குரைக்கவுமில்லை, ஊளையிடவுமில்லை. நேரே உன் முன்னால் வந்து குந்தியது. விசுக்கோத்துக்குக் குந்துகிற மாதிரியே குந்தியது.

"யேசுவே" என்றாய் ஒருமுறை. பிறகு உன் வாயிலிருந்து வந்ததெல்லாம் தூசணம். தாவணித் துணியால் அதன் வாயைக் கட்டி என் மடியில் போட்டுவிட்டு, கூரை இறப்பில் செருகியிருந்த காட்டுக்கத்தியை உருவினாய். "எந்த நாசமறுவானடா வைச்சவன்! வெளியில வாடா! உன்ர தாடையைப் பிளக்கிறன்!" வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கமக்காரன் செல்லத்துரை அண்ணைதான் உனக்கு நினைவுக்கு வந்தார். உந்த நாயை ஒருநாள் முடிச்சுப்போடுவன் என்று முந்தின மாதம் உன்னோடு சண்டை பிடித்தவர். ஓடினாய். ஜிம்மியைக் கிடத்திவிட்டு நானும் பின்னால் ஓடிவந்தேன்.

அவர் கையைக் குறுக்கே நீட்டி, "நான் வைக்கேல்லைப் பிள்ளை! சத்தியமா நான் வைக்கேல்லை!" என்று கத்தினார். கத்தியின் மழுங்கிய பக்கத்தால் அந்தக் கையில் போட்டாய். மூன்றாம் அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் நிலத்தில் விழுந்து கிடந்து என்னைப் பார்த்தார். நான் உன் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு "விடடி, விடடி" என்றேன். நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஒரு மூச்சு.

ஓட்டோவில் ஜிம்மியைக் கொண்டுபோனோம். மிருக வைத்தியர் தொங்கிய எலும்பை வெட்டி எடுத்துத் தைத்தார். பிழைக்காது என்றார், பிழைத்தது. செல்லத்துரை அண்ணை பொலிசுக்குப் போகவில்லை. "அந்த நாயின்ர வாயைப் பாத்தனான், பேந்து என்னெண்டு போறது" என்றாராம். மறுநாள் காலை வரம்பில் தூவிய விசுக்கோத்துகளைப் பொறுக்கியெடுக்கப் போனேன். ஒரு துண்டுகூட இல்லை. காகம் தின்றிருக்கும் என்று ஆறுதலோடு திரும்பினேன்.

நீ விசுக்கோத்தை மாற்றினாய். பூசணிக்காயைக் கூட்டி, மாவைக் குறைத்து, தொட்டால் அமுங்குகிற பதத்தில் சுட்டாய். அரைத் தாடையால் கடிக்க முடியாது, நக்கித்தான் விழுங்கவேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வரும்போது செல்லத்துரை அண்ணை வீட்டுக்கு ஒரு இறாத்தல் பாண் கொண்டுபோய்க் கொடுத்தாய். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். என் கோழிகளுக்குக் கருகினது வரவில்லை. கேட்டபோது, "இப்ப நான் கருக்கிறேல்ல" என்றாய். அதையும் நம்பினேன்.

நான்கு வருடம். போன மாரியில் விறகு அடுக்கும்போது உன்னைப் புடையன் பாம்பு கடித்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையும் முகமும் வீங்கிக் கிடந்தாய். பல்முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. நான் துணியால் துடைத்தேன். "ஜிம்மிக்கு நீதான் குடுக்கவேணும். உன்ர கையால குடு" என்றாய். "ஓம்" என்றேன். கண்ணைத் திறக்க முடியாமலே பிறகு சொன்னாய்:

"கருகினதைக் கோழிக்குப் போடாத. வயலுக்கும் கொண்டுபோகாத. மண்ணுக்குள்ள தாட்டுப் போடு."

அதற்கும் ஓம் என்றேன். நடையில் வந்து நின்றபோதுதான் எனக்கு விளங்கியது, அந்த வரம்புக்குக் காகம் வரவில்லை, பொறுக்கியது நீதான் என்று. திரும்பி உள்ளே ஓடினேன். நீ மயக்கத்தில் இருந்தாய். அடுத்த நாள் மத்தியானம் போய்விட்டாய்.

எனக்கு உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். நான்கு வருடம் என் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தாயே, எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்தாயே, ஏன்டி என்னை வெட்டவில்லை? சும்மா நின்ற மனிதனின் கையை முறித்தவள், என்னை மட்டும் ஏன் விட்டாய்? ஒரு அறை அறைந்திருந்தால் நான் உன் காலில் விழுந்து அழுதிருப்பேன். நீ அதற்கும் இடம் தரவில்லை.

இன்று கருகினதை வாழையடியில் முழங்கை ஆழத்துக்குக் கிண்டித் தாட்டேன். மண்ணை மிதித்துவிட்டு, மண்வெட்டியைப் போட்டுவிட்டு, அப்படியே வாய்க்காலைக் கடந்தேன். செல்லத்துரை அண்ணை முருங்கைக்குக் கீழே கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அந்தப் பன்றிவெடி வைச்சது நான்."

கயிற்றைக் கீழே வைத்தார். எழும்பி அறைந்தார். நீ முறித்த கை. சின்னவிரல் மடங்காமல் நிற்கிற கை. அந்த விரல் தனியாகக் காதோரம் பட்டது. நான் விழுந்துவிட்டேன்.

"அவள் இருக்கேக்க வந்து சொல்லியிருக்கலாம் எல்லே" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. பிறகு, "உதுக்குத்தானோ அவள் ஞாயிறு ஞாயிறு பாண் கொண்டந்தவள்?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

அவர் கயிற்றை எடுத்தார், ஆனால் திரிக்கவில்லை. நான் எழும்பி வந்துவிட்டேன்.

வந்து இரண்டாம் தட்டைச் சுட்டேன். நெருப்பை இழுத்து வெளியில் விட்டுத்தான் சுட்டேன், நல்ல பதம். காது இன்னும் கூவிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்து ஆறவைத்து உள்ளங்கையில் வைத்தேன். "குந்து" என்ற சொல்லை நீ போன பிறகு நான் ஒருநாளும் அதற்குச் சொன்னதில்லை. ஜிம்மி மேசைக்குக் கீழிருந்து எழும்பி வந்து, என் முன்னால், தானாகவே குந்தியது.